நீலப் படத்தில் ஒரு மஞ்சள் சட்டை

படத்தில் இருந்த பையன் தலையிலிருந்து கால்வரை நீலமாக இருந்தான்.

முகம் நீலம். கை நீலம். கையில் பிடித்திருந்த ரொட்டியும் நீலம். பின்னால் நின்ற மூங்கில் கம்பத்தைக்கூட அந்த நீலம் விட்டுவைக்கவில்லை. மைப்புட்டியை யாரோ படத்தின்மேல் கவிழ்த்துவிட்டது போல இருந்தது.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள் நெட்டை.

நெட்டை என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஆறாம் வகுப்பில் மற்ற எல்லாரையும்விட அவள் ஒரு தலை உயரம். அவள் கேட்டது தொணாவிடம். தொணா என்பது வீட்டில் வைத்த பெயர். காலையில் கண் விழித்தது முதல் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பதால் வந்தது. அன்று அவள் போனை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

படத்தில் இருந்தவன் நெட்டையின் தம்பி. நான்கு வயது. அவன் இறந்துபோய் இருபது நாள் ஆகியிருந்தது.

ஆற்று வெள்ளம் வந்த இரவில் நெட்டையின் வீட்டார் உடுத்திய துணியோடு ஓடி, மேட்டில் இருந்த முகாமில் தங்கினார்கள். வெள்ளத்திலிருந்து தப்பிய தம்பியை முகாமில் வந்த காய்ச்சல் விடவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

"வீட்ல இருந்த போட்டோ எல்லாம் கூழாப் போச்சு. அப்பாவோட போனும் தண்ணியில போச்சு" என்றாள் நெட்டை. "முகாமுக்கு ரொட்டி குடுக்க வந்த ஒரு அண்ணன் எடுத்த படம் இது. அவரைத் தேடிப் போய், பக்கத்து வீட்டு அக்கா போன்ல வாங்கிட்டு வந்தேன். மேல நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தாங்க இல்ல, அதான் இப்படி."

"உங்க அம்மா பாத்தாங்களா?"

"ஒரே ஒரு தடவை. உடனே போனைக் கவுத்து வச்சுட்டாங்க. ஆஸ்பத்திரியில கடைசியா அவன் உதடு இந்த நிறமாத்தான் இருந்துச்சாம்."

நெட்டையும் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "கண்ணை மூடினா அந்த நீல மூஞ்சிதான் வருதாம். அவனோட நெஜ மூஞ்சி வரவே மாட்டேங்குதாம். எம் புள்ள மூஞ்சி எனக்கே மறந்துபோகுதேன்னு தெனமும் அழறாங்க" என்றாள்.

தொணாவின் அம்மாவுக்குத் தெரு முனையில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. முன்னறையில் படம் எடுப்பாள். பின்னறையில் கம்ப்யூட்டரில் சரிசெய்து அச்சிடுவாள். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே எள் விழ இடமில்லை. அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் ஊரே புதிதாகப் படம் எடுக்க வந்து நின்றது. போனவர்களின் படத்தைப் பெரிதாக்கக் கேட்டு வந்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள்.

அம்மா வரிசையை நிறுத்திவிட்டு நெட்டையின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அம்மாவிடம் ஒரு வித்தை உண்டு. கம்ப்யூட்டரில் தானே செய்துவைத்துக்கொண்ட ஒரு பொத்தான். அதற்கு 'பளிச்' என்று பெயர். அதை அழுத்தினால் முகத்தில் இருக்கும் புள்ளி, தழும்பு, வியர்வை எல்லாம் மறையும். எந்த முகமும் இரண்டு மடங்கு வெளுக்கும். வாடிக்கையாளர்களுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

அம்மா நீலத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பளிச்சை அழுத்தினாள். அச்சிட்டு, அழகான உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நெட்டை அந்த உறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னாச்சு?"

"இது யார் வீட்டுப் புள்ளைன்னு அம்மா கேட்டாங்க."

தொணா படத்தை வெளியே எடுத்தாள். பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்த குழந்தை ஒன்று அவளைப் பார்த்தது. நெட்டையின் தம்பி அப்படி இருந்ததே இல்லை. எத்தனை நாள் அவளோடு அவன் புழுதியில் உருண்டு விளையாடியிருக்கிறான்! தொணாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அம்மாவிடம் சொன்னபோது அம்மாவின் முகம் வாடிப்போனது. "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்டி. நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

தொணாவின் கண் மானிட்டருக்குக் கீழே போனது. அங்கே மூன்று தடித்த புத்தகங்கள் இருந்தன. டிஜிட்டல் படங்களைத் திருத்துவது எப்படி, நிறத்தைச் சரிசெய்வது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள். கடை திறந்த புதிதில் அம்மா ஆசையாக வாங்கியவை. பத்துப் பக்கம் படித்ததும் அம்மாவுக்குத் தூக்கம் வந்தது. அன்றிலிருந்து அவை மானிட்டருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

தொணா நடுப் புத்தகத்தை உருவினாள். மானிட்டர் சரிந்தது. அம்மா பாய்ந்து பிடித்தாள்.

"ஏய்! என்னடி பண்ற?"

"படிக்கப் போறேன்மா."

"நீயா? பாடப் புத்தகத்தையே தொட மாட்டே!"

புத்தகம் கோபக்காரத் தலைமையாசிரியர் போலப் பேசியது. 'நிறச்சாய்வை முதலில் இனங்காண்க.' 'அவசரப்படுதல் கூடாது.' 'மீண்டும் முதலிலிருந்து தொடங்குக.' ஒவ்வொரு வரியையும் தொணா மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் சாயங்காலமும் விளையாடப் போகாமல் படித்தாள். கடைசியில் ஒன்று பிடிபட்டது.

நீல வெளிச்சம் விழுந்தால் எல்லாப் பொருளும் நீலமாகும். எவ்வளவு நீலம் ஏறியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். படத்தில் உண்மையிலேயே வெள்ளையாக இருந்த ஒரு பொருளைத் தேடி, 'இது வெள்ளை' என்று காட்டிவிட வேண்டும். கம்ப்யூட்டர் அதை வெள்ளையாக்கும். அதே கணக்கில் மற்ற நிறங்களும் தத்தம் இடத்துக்குத் திரும்பும்.

தொணா படத்தை ஏற்றினாள். தம்பியின் சட்டைதான் எல்லாவற்றையும்விட வெளுப்பாகத் தெரிந்தது. மருந்து விடும் சொட்டுக்குழாய் போன்ற குறியை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

படம் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அதே நீலம்.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே நீலம். தொணாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. மறுநாள் நெட்டையைக் கையோடு கடைக்கு இழுத்து வந்தாள்.

"இந்த வெள்ளைச் சட்டை சரியே வர மாட்டேங்குது, பாரு."

"அது வெள்ளை இல்ல" என்றாள் நெட்டை. "மஞ்சள். முகாம்ல குடுத்த மஞ்சச் சட்டை."

நீல வெளிச்சம் விழுந்து மஞ்சள் சட்டை வெள்ளையாக ஏமாற்றியிருந்தது. கம்ப்யூட்டரிடம் தான் பொய் சொல்லிவிட்டது தொணாவுக்குப் புரிந்தது.

"அப்போ நெஜமாவே வெள்ளையா என்ன இருந்துச்சு? நல்லா யோசி."

நெட்டைக்கு அந்தப் படத்தைப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் உற்றுப் பார்த்தாள். பிறகு தம்பியின் முழங்காலில் விரலை வைத்தாள்.

"கட்டு. ஓடி விழுந்துட்டான். அன்னிக்குக் காலையிலதான் நர்ஸ் அக்கா புதுசா கட்டி விட்டாங்க."

தொணா சொட்டுக்குழாயைக் கட்டின்மேல் வைத்து அழுத்தினாள்.

நீலம் கழன்று போனது. சட்டை மஞ்சளானது. மூங்கில் மூங்கில் நிறத்துக்கு வந்தது. ரொட்டியின் ஓரம் கருகியிருந்ததுகூடத் தெரிந்தது. நெட்டை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் முகம் வரவில்லை. தார்ப்பாய் தலையை ஒட்டித் தொங்கியதால் முகத்தில் நீலம் அதிகமாக அப்பியிருந்தது. அது போன பிறகு சாம்பல் பூசியது போல ஒரு நிறம் மிஞ்சி நின்றது. இதைப் பார்த்தால் நெட்டையின் அம்மா இன்னும் உடைந்துபோவார்.

புத்தகத்தில் 'தோல் நிறம்' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் ஓர் எண் பட்டியல். பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். தொணா அந்த எண்களைப் போட்டுப் பார்த்தாள். தம்பி அந்த அம்மாள் பெற்ற பிள்ளை போல ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டான்.

"இவங்களுக்கு நம்ம மூஞ்சியே தெரியாது போல" என்று புத்தகத்தைத் திட்டினாள் தொணா. அவசரமாக எண்களை அழித்தாள்.

பாடத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. 'துணி, பழம், பெட்டி முதலிய பொருள்களாயின், உண்மைப் பொருளைத் திரையின் அருகே வைத்து ஒப்பிடுக.'

சட்டையைக் கொண்டுவரலாம். ரொட்டியைக் கொண்டுவரலாம். முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

தொணா நெட்டையின் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் அப்பா நிறம்" என்றாள் நெட்டை. "அவன் அப்படியே அம்மா நிறம். அம்மா மேல படுத்துத் தூங்கினா, யார் கை எதுன்னே தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் தொணா எழுந்துவிட்டாள்.

நெட்டையின் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது. நெட்டையின் அம்மா மூலையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

வழி நெடுக யோசித்து வைத்திருந்த பேச்சு தொணாவுக்கு மறந்துபோனது.

"அத்தை, எனக்கு உங்க கை வேணும்."

"என்னம்மா?"

"தம்பி முகத்துக்கு நிறம் பாக்கணும். புத்தகத்துல இருக்கற நிறம் தப்பா இருக்கு. உங்க கையில இருக்கறதுதான் சரி."

நெட்டையின் அம்மா தலையை ஆட்டினார். "வேண்டாம் கண்ணு. எத்தனை தடவை பாக்கறது? என்னால முடியல."

"நீங்க பாக்கவே வேண்டாம் அத்தை. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க. கையை மட்டும் குடுங்க, போதும்."

அவர் அதே பாத்திரத்தை இன்னும் இரண்டு தடவை தேய்த்தார். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டுடியோவின் பின்னறையில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வலது கையை மட்டும் பின்னால் நீட்டி மானிட்டர் ஓரமாக வைத்தார். தொணா கலர் விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். பகல் வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்தது. நல்ல கருத்த கை. விரல் முட்டிகளில் இன்னும் கொஞ்சம் கருப்பு. நகத்தோரம் லேசான சிவப்பு.

தொணா முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டாள். கொஞ்சம் சிவப்பு ஏற்றினாள். கையைப் பார்த்தாள். அதிகம். குறைத்தாள். கொஞ்சம் மஞ்சள். கையைப் பார்த்தாள். போதாது. அவளுடைய அம்மா முன்னறையில் வரிசையை அப்படியே விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

"கொஞ்சம் வெளுப்பாக்கினா இன்னும் நல்லா..." என்று அம்மா பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"வேணாம்மா."

அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

நெட்டையின் அம்மா நீட்டியிருந்த கை வலித்துத் தாழத் தொடங்கியது. நெட்டை வந்து அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். தொணா இன்னும் ஒரே ஒரு துளி கருமை சேர்த்தாள். கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். மவுஸிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சிடுச்சு அத்தை. பாக்க வேண்டாம்னா பாக்க வேண்டாம்."

நெட்டையின் அம்மா அசையவில்லை. பிறகு அவர் நாற்காலியோடு மெல்லத் திரும்பினார்.

திரையில் அவருடைய மகன் ரொட்டியோடு நின்றான்.

அவர் முகத்தை அருகே கொண்டுபோனார். இன்னும் அருகே. அழுகை வந்துவிடப் போகிறது என்று தொணா பயந்தாள். ஆனால் முதலில் வந்தது கோபம்.

"பாரேன் இவனை! மூக்கு எப்படி ஒழுகுது! இப்படியேவா வந்து போட்டோவுக்கு நிப்பான்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

உண்மைதான். மூக்குக்குக் கீழே சின்னதாக ஒன்று மினுங்கியது. இத்தனை நாளாகத் தொணா அதைக் கவனிக்கவே இல்லை.

"அழிச்சுடறேன் அத்தை. ஒரே நிமிஷம்."

"வேண்டாம், நீ விடு" என்றார் நெட்டையின் அம்மா. "நான் துடைச்சுக்கறேன்."

புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டி, எச்சில் தொட்டு, திரையில் தெரிந்த மூக்கை அழுத்தாமல் துடைத்துவிட்டார். திரையை யாராவது தொட்டால் தொணாவின் அம்மா கத்துவாள். அன்று அவள் கத்தவில்லை. ஈரம் காயும்வரை நான்கு பேரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.