கம்பளத்தில் காயாத இடம்

கம்பளம் முழுக்கக் காய்ந்துவிட்டது, நடுவில் ஓரிடம் மட்டும் காயவில்லை.

ஏரி உடைந்து குன்னம் ஊரில் அவர்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்ததும், வேல்முருகன் முதலில் தேடியது துபாயிலிருந்து தான் கொண்டுவந்த கம்பளத்தைத்தான். கட்டிலடியிலிருந்து இழுத்துச் சேற்றை அலசினான், மக்காச்சோளம் காயப்போடும் தார் ரோட்டில் விரித்தான், பிறகு கூடத்தில் போட்டு ஃபேனை ஓடவிட்டான். அவன் மனைவி வெற்றிச்செல்வி குனிந்து பார்த்தாள். ஈரம் ஆள் நீளத்துக்கு இருந்தது. தலை, தோள், உடம்போடு ஒட்டிய இரண்டு கை. சேற்று நாற்றத்துக்கு அடியில் பன்னீரும் ஊதுபத்தியும் மணந்தன.

"ஏங்க, இது மாமாவக் கெடத்தியிருந்த எடம்."

"வாய மூடு. பினாயில் ஊத்தித் தேயி."

மாமனார் ராசாங்கம் உயிரோடு இருந்தவரை அவரை அதில் கால் வைக்க விட்டதில்லை இந்த மகராசன். களை வெட்டின காலாம், அழுக்காகிவிடுமாம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதில் கொஞ்ச நேரம் உட்கார அந்த மனுசன் எவ்வளவு ஆசைப்பட்டார்! செத்த பிறகு, துக்கத்துக்கு வந்தவர்கள் பார்க்கட்டும் என்று அதிலே கிடத்தினான். பிணம் கிடந்த விரிப்பு பிணத்தோடு போக வேண்டும். இவனோ கம்பளத்தைக் கட்டிலடியில் ஒளித்துவிட்டு, கிழிந்த கோரைப்பாய் ஒன்றைச் சுடுகாட்டுக்குக் கொடுத்தனுப்பினான். பெற்ற அப்பனையே ஏமாற்றியவன் விளங்குவானா?

அவள் கை விறைக்கத் தேய்த்தாள். ஈரம் குறையவில்லை. மறுநாள் வலது கை உடம்பை விட்டு விலகியிருந்தது. அதற்கும் மறுநாள் முழங்கை மடங்கியிருந்தது.

"இதக் கொண்டுபோயி சுடுகாட்டுல போட்டுட்டு வாங்க. பச்சப்புள்ள இருக்குற வூடு."

"போடி வெளங்காதவளே. நல்ல வெயில் அடிச்சா காஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டான். மத்தியானமே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மகள் தமிழ்மொழி சிரித்தாள். யாரோ கிச்சுகிச்சு மூட்டினால் வரும் சிரிப்பு. பிறகு அதுவும் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும். பன்னீர் வாசனை கொல்லை வரைக்கும் வந்தது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குழந்தை கம்பளத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மடங்கிய ஈரக் கைக்குள், குழந்தை அளவுக்கே காய்ந்திருந்த இடத்தில்.

"பாப்பா!"

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கம்பளமும் சேர்ந்து எழுந்தது.

குழந்தைக்கு அடியில் காய்ந்த இடம் ஈரம் ஏறிக் கறுத்தது. முதலில் பாதம். முழங்கால். இடுப்பு.

"மாமா... பண்ணதெல்லாம் ஒங்க மவன். புள்ளைய வுட்டுருங்க மாமா..."

தமிழ்மொழி தூக்கத்தில் சிரித்தாள். ஈரக் கை இன்னும் கொஞ்சம் இறுகியது.