சேத்துப்பள்ளத்தில் நிற்கும் படகுகள்

பிலோமினாவின் பட்டறையில் பழைய மெல்லோடிகள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கின. தொபியாஸ் ஒன்றை இறக்கி மடியில் கிடத்தினான். விசிறிக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினான். தண்டை ஆட்டிப் பார்த்தான். உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று மோந்தும் பார்த்தான். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு பார்க்கவில்லை.

பெரிய மோட்டாரை அணைத்த பிறகு, மீன் மிரளாமல் படகை நகர்த்துவதும் நீரோட்டத்தில் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதும் மெல்லோடி என்ற இந்தச் சின்ன மின்மோட்டாரின் வேலை.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் கீறல் விழாத ஒண்ணு இருக்கு. டவுன்காரர் ஒருத்தர் பொழுதுபோக்குக்கு வச்சிருந்தது," என்றாள் பிலோமினா.

"அதுக்கு என்னம்மா தெரியும்? இது கபிரியேல் மாமாவோடதுல்லா?"

மெல்லோடி தன்னை ஓட்டுகிறவனின் கையைப் பார்த்துப் படித்துக்கொள்ளும். மீன் அடையும் கடலடிப் பாறைகளான பார்களில் எதில், எந்தக் காற்றுக்கு எப்படி நிற்பான் என்பதெல்லாம் அதன் தடநினைவில் ஏறிவிடும். அதனால்தான் அந்தக் கரையில் புதியதைவிடப் பழையதற்கு மவுசு. செத்துப்போன கபிரியேலின் கை அந்தக் குழாய்க்குள் உயிரோடு இருந்தது.

பிலோமினா அதன் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பொய் சொல்லுற மெல்லோடி அண்ணாச்சி. தடநினைவ அழிச்சுட்டுத் தாரேன்."

"அழிச்சா வெறும் இரும்புல்லா? அந்தப் பொய்க்காகத்தான் வாங்குதேன்."

முன்பெல்லாம் கடலில் எவனாவது "எங்கவே மீனு?" என்று கேட்டால், தெற்கே பிடித்தவன் வடக்கே கை காட்டுவான். அது ஊர் வழக்கம், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பிறகு இடக்குறி வந்தது. படகுகள் மோதாமல் இருக்கவும் ஆபத்தில் தேடவும் ஒவ்வொரு மெல்லோடியும் தான் நிற்கும் இடத்தை எல்லார் திரைக்கும் அனுப்ப வேண்டும் என்றது சட்டம். ஒளித்து வைத்த பார்களெல்லாம் ஒரே மாதத்தில் சந்தியாகிவிட்டன. அப்போதுதான் கபிரியேல் தன் மெல்லோடிக்குப் பொய் பழக்கினார். அவர் பாரில் நிற்கும்போது, அது சேத்துப்பள்ளத்தில் நிற்பதாகக் குறி அனுப்பும். அங்கே சேற்றைத் தவிர ஒன்றும் கிடையாது.

பிலோமினா தண்டை ஒரு முழம் நீட்டி ஒட்டினாள், படகின் முன்முனையான அணியத்துக்கு ஏற்றபடி தாங்கியை வளைத்துக் கொடுத்தாள். "தனி பேட்டரி வைங்க. பெரிய மோட்டார் பேட்டரியில கோக்காதீக," என்றாள். பாரம் கூடும் என்று தொபியாஸ் அதில்தான் கோத்தான்.

முதல் நாளே மெல்லோடி அவனை மடத்துப்பாரின் நடுமுதுகில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே வலையைக் கிழிக்கிற கல்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவன் அவன்தான். மதியத்துக்குள் விளமீனால் படகு நிறைந்தது. தம்பி கிளமெண்ட் சிரித்துக்கொண்டே கடைசி வலையை இழுத்தான். வலைக்குள் கிடந்த திருக்கை வாலைச் சுழற்றியது. முள் அவன் தொடையில் அடிவரை இறங்கியது.

தொபியாஸ் வேட்டியைக் கிழித்துக் கட்டினான். ரத்தம் நிற்கவில்லை. பெரிய மோட்டாரைத் தட்டினான், அது முனகி அடங்கியது. காலையிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து நின்று மெல்லோடி பேட்டரியைக் குடித்திருந்தது.

கைவயர்லெஸ்ஸில் கத்தினான். கரையிலிருந்து மீட்புப் படகு கிளம்பியது. ஓட்டியவன் ஜெரால்டு, பக்கத்துத் தெருப் பையன்.

அரைமணி நேரம் கழித்து ஜெரால்டின் குரல் வந்தது. "அண்ணே, சேத்துப்பள்ளத்துக்கு வந்துட்டோம். உங்களக் காணும். உங்களதோட சேத்து நம்மூர் ஒம்போது போட்டு இங்கதான் நிக்குன்னு திரை சொல்லுது. தண்ணியத் தவிர ஒண்ணுமில்ல."

தொபியாஸுக்கு அப்போதுதான் புரிந்தது: பொய் பழக்கியது கபிரியேல் மட்டுமில்லை.

"ஏல, குறிய நம்பாத! நான் மடத்துப்பார்ல நிக்கேன். கோயில் கோபுரமும் தீவுப் பனையும் ஒரே கோட்டுல தெரியுது. வால!"

அந்தப் பக்கம் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்டது.

"கோவிச்சுக்காதீகண்ணே. மடத்துப்பார்ல கல்லுதான்னு நீங்கதான சொன்னீக? உங்க வாய நம்பிப் போயி எத்தன நாள் வெறும் வலையோட வந்திருக்கோம். தம்பி உசுரு விசயம். இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

"மாதா மேல சத்தியம்ல!"

"திரை காட்டுதத விட்டுட்டு நாங்க எப்படிண்ணே..."

கிளமெண்டின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. "அண்ணே, குளிருது," என்றான். உச்சி வெயில் கொளுத்தியது. தொபியாஸுக்கு ஒரே வழிதான் தோன்றியது. பொய் இருக்கும்வரை தன் பேச்சு எடுபடாது. அணியத்துக்குத் தாவி மெல்லோடியின் வயரைப் பிடுங்கி எறிந்தான். திரைகளில் இனி அவன் குறி இருக்காது. மிஞ்சுவது அவன் சொல் மட்டும்தான்.

வயர்லெஸ் அலறியது.

"குறி அணைஞ்சிட்டுல! முங்கிட்டாக! நம்ம கண்ணு முன்னாலயே முங்கிட்டாகல! எல்லாரும் குதிங்க!"

அதன்பிறகு தண்ணீர் தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தொபியாஸ் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மடத்துப்பார், மடத்துப்பார்" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே இருந்தான். கேட்பதற்கு மீட்புப் படகில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் சேத்துப்பள்ளத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.