காயாத பசை

பழைய கார்களின் உட்கூரைத் துணியைக் கிழித்தால் அதன் பின்னால் இருக்கும் நுரைப்பஞ்சு தூளாக உதிரும். இராக்கில், பஸ்ராவின் வெயிலில் பத்து வருடம் வெந்த பஞ்சு வேறெப்படி இருக்கும்? இருபத்திரண்டு வருடங்களாக ஹாதிஃப் அந்தத் தூளை விழுங்கியிருக்கிறான், தும்மியிருக்கிறான், காதுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறான். ஆனால் இந்த வண்டியில் அது உதிரவில்லை. துணியைப் பிடித்து இழுத்ததும் பஞ்சு நீண்டது. நூல் நூலாகத் தொங்கியது. மல்லாந்து கிடந்த அவனுடைய முழங்கையில் மெல்ல இறங்கி ஒட்டிக்கொண்டது.

வெதுவெதுப்பாக இருந்தது. வழித்தான். வழித்த விரலில் ஒட்டியது. கால்சட்டையில் தேய்த்தான், நகக்கண்ணுக்குள் போனது. என்னவென்று பார்க்க விரலை மூக்கருகே கொண்டுபோனவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல நாள் குளிக்காத தலையின் வாடை. அதற்கு அடியில், வெயிலில் மறந்து வைத்த ஆட்டுக்கொழுப்பின் காறல்.

"என்ன மச்சான், மூஞ்சி இப்படிக் கோணுது?" கதவருகே நின்று தாமிர் சிரித்தான். ஹாதிஃபின் மனைவிக்குத் தம்பி. முன்பக்கக் கடையில் துணியும் பசையும் விற்பவன் அவன். பின்பக்கப் பட்டறையில் சீட் தைப்பதும் கூரை ஒட்டுவதும் ஹாதிஃபின் வேலை.

"நாறுது."

"ஆகஸ்ட்ல நானே நாறுறேன். வண்டி நாறக்கூடாதா?"

வண்டி ஸாஜிதாவுடையது. பக்கத்து ஊரான அபுல் கஸீபில் கணக்கு டீச்சர். ஸ்வீடனுக்குப் போய்விட்ட அண்ணன் விட்டுச் சென்ற நீள வண்டி அது. நாலு வருடம் தார்ப்பாய்க்கடியில் கிடந்ததைப் போன மாதம்தான் எடுத்து ஓட்டத் தொடங்கியிருந்தாள். முந்தின நாள் காலையில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் தலையில் கட்டியிருந்த துணியின் பின்பக்கம் எண்ணெய் பட்டதுபோல நனைந்திருந்தது.

"கூரைத்துணி பின் சீட்டுக்கு மேலதான் தொங்குது உஸ்தா," என்றாள் ஹாதிஃபிடம். "ஆனா ஓட்டும்போது உரசுறது என் தலையில. அது எப்படினு எனக்குப் புரியல."

தாமிர் நாலு துணித் துண்டுகளை வண்டியின் என்ஜின் மூடிமேல் விரித்துப் போட்டான். அவள் வெல்வெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"இது வேணாம். ரோமம் மாதிரி இருக்கு."

"டீச்சர், கல்யாண வண்டிக்கெல்லாம் இதுதான் போடுறோம். அண்ணாந்து பார்த்துட்டே போகலாம்."

"நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுறவ. நீங்க எப்படியோ."

கடைசியில் நுரை ஒட்டிய சாம்பல் நிறத் துணியைக் காட்டினாள். எந்தப் பசை என்று கேட்டாள். மஞ்சள் டின் பசை குளிர்காலத்துக்குத்தான் ஆகும், இந்த வெயிலில் இளகி ஒழுகிவிடும், சிவப்பு டின்தான் சூடு தாங்கும் என்று ஹாதிஃப் சொன்னான். அவள் தலையாட்டினாள். போகும்போது வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்கண்ணாடியைக் கழற்றாமல், துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டை வெளியே வராது. அந்தக் கண்ணாடியோ ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, கை வைத்தால் உடையும். எனவே சீட்டுகளைச் சாய்த்துப் படுத்தபடி உள்ளேயே வேலை. ஹாதிஃப் அந்தப் பிசினை ஓரளவு சுரண்டினான். அட்டையிலும் துணியிலும் சிவப்பு டின் பசையை அடித்தான். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினான். மாலையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

காலையில் பின் சீட்டுக்கு மேல் ரொட்டி அளவுக்கு வீங்கியிருந்தது.

ஹாதிஃப் அதில் கை வைத்து அழுத்தினான். உள்ளே ஏதோ விலகிப் போய், கையை எடுத்ததும் திரும்பி வந்தது. கொப்புளத்துக்குள் சீழ் நகர்வதுபோல. துணி ஈரமாக இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தான், எண்ணெய் மினுங்கியது.

கத்தியால் கீறினான். எதுவும் ஒழுகவில்லை. காற்றுதான் வந்தது. சூடான, நீளமான, சொத்தைப் பல்லின் நாற்றமடிக்கும் காற்று. நேற்று கடையிலிருந்து புதிதாக வெட்டி எடுத்த நுரை ஒரே இரவில் பழுத்துப் பிசினாகியிருந்தது. அதற்குள் கறுப்பாகக் கட்டை முடிகள். துணியில் இருந்து வந்தவை அல்ல. அட்டையில் ஊன்றியிருந்தன. ஒன்றை நகத்தால் பற்றி இழுத்தான். நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழோடு, வேரோடு வந்தது.

அட்டை சிலிர்த்தது.

அவன் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, மண்ணெண்ணெயில் முழங்கை வரை கழுவினான். பிறகு சோப்பு. மறுபடி மண்ணெண்ணெய்.

"திருப்பிக் கொடுத்துடலாம் தாமிர்."

"கொடுத்துட்டு? ஒரு துணி ஒட்டத் தெரியலன்னு தெருவே சிரிக்கும். பழசைச் சரியா சுரண்டல நீ. நுரைதான் ஈரத்தை உறிஞ்சுது. நுரை இல்லாத கெட்டித் துணியா போடு, பசையை இன்னொரு தரம் அடி. முடிஞ்சுது."

"அதுல முடி இருக்கு."

"அண்ணன்காரன் வழுக்கையா இருப்பான், அதான் இங்க வளருது." தாமிர் தன் சிரிப்பைத் தானே ரசித்தான். ஹாதிஃப் சிரிக்காததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "நாலு வருஷம் கிடந்த வண்டி மச்சான். எலி செத்திருக்கும். வேற என்ன?"

எலி. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஹாதிஃப் மீண்டும் உள்ளே போனான். மூக்கில் துணி கட்டி, நேற்று ஒட்டியதைக் கிழித்தெடுத்துவிட்டு, அட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். பழுப்பாக இருக்கவேண்டிய அட்டை தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. சிவந்த இடம் பொடிப்பொடியாக வேர்த்தது. பெட்ரோல் போட்டுத் துடைத்தான். பெட்ரோல் பட்ட இடம் சுருங்கி, மெல்ல விரிந்தது.

பசை அடித்தான். ஈர மினுமினுப்பு ஒரு நொடி நின்றது, மறைந்தது. மணல் தண்ணீரைக் குடிப்பதுபோல அட்டை அதைக் குடித்துவிட்டது. இரண்டாம் பூச்சும் போயிற்று. மூன்றாவது பூச்சு மேலே நின்றது, ஆனால் காயவில்லை. அரைமணி நேரம் கழித்துப் புறங்கையால் தொட்டான். நூலாக நீண்டு வந்து, அறுபடாமல், கையைத் தன் பக்கம் இழுத்தது.

மதியம் தாமிர் சுட்ட மீனும் ரொட்டியும் வாங்கி வந்தான். ஹாதிஃப் ரொட்டியைப் பிய்த்தான். அதன் மென்மையான உட்பக்கம் விரலில் ஒட்டி நீண்டது. மாங்காய் ஊறுகாயின் மஞ்சள் எண்ணெய் மேலே மிதந்தது. மீனின் தோலை உரித்தபோது அடியிலிருந்து ஆவி வந்தது. அவன் எழுந்து ஓடி, சாக்கடையோரம் குந்தி வாந்தியெடுத்தான்.

திரும்பி வந்தபோது தாமிர் அவன் பங்கையும் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தான். ஹாதிஃப் வாயைத் துடைப்பதைப் பார்த்தான்.

"நீ வெளிய இரு. நான் ஒட்டுறேன். எங்கக்கா கேட்டா வெயில் அடிச்சுடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"அது காயல. காய்ஞ்சப்புறம் பார்த்துக்கலாம்."

"காயாத பசையிலயும் ஒட்டுவான் உன் மச்சான்." நுரை இல்லாத கெட்டித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக ஊர்ந்து உள்ளே போய் மல்லாந்து படுத்தான். ஹாதிஃப் எட்டிப் பார்த்தான். தாமிர் துணியின் ஒரு முனையைத்தான் வைத்தான். மீதித் துணி அவன் கையைவிட்டு மேலே போய், மூலைகளைத் தானாகத் தேடிப் பொருந்திக்கொண்டது.

"பாரு மச்சான், பாரு! தானா இழுத்துக்குது!"

"வெளிய வந்துடு."

"உன் சிவப்பு டின்னுதான்யா பசை! போ, போய் ஐஸ் வாங்கிட்டு வா. வெந்து சாகுறேன்."

ஐஸ் கடை தெரு முனையில்தான். போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம். வெள்ளை வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஐஸ் கட்டி கையில் உருகி வழிய, ஹாதிஃப் வேகமாகத்தான் வந்தான்.

பட்டறையில் சத்தம் இல்லை.

பின்கதவுக்கு வெளியே தாமிரின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது.

"முடிஞ்சுதா?"

கால் பெருவிரல் அசைந்தது.

ஹாதிஃப் குனிந்து பார்த்தான். கூரையில் துணி இல்லை. நாலு ஓரத்திலிருந்தும் அது கீழே இறங்கியிருந்தது. சாய்த்துப் போட்ட சீட்டுகள் மேல், தாமிரின் மேல், இழுத்துப் போர்த்தியதுபோல. மார்பு தெரிந்தது. மோவாய் தெரிந்தது. மூக்கின் மேடு. ஒரு சுருக்கம் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் அப்படி ஒட்டியதில்லை.

ஐஸ் கீழே விழுந்து உடைந்தது.

உள்ளே பாய்ந்து, கழுத்தருகே துணியைக் கொத்தாகப் பற்றி இழுத்தான். துணி தனியாக வரவில்லை. சதையோடு எழும்பியது. சூடாக. வழுவழுப்பாக. அடியிலிருந்து தாமிர் மூக்கால் முனகினான்.

"அசையாத! தாமிர், அசையாத, கீறி விட்டுடறேன்!"

கத்தி. கத்தி எங்கே. கிடைத்தது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது. மூச்சு விடுகிறான். உயிர் இருக்கிறது. குழிக்குப் பக்கத்தில் கத்தி முனையை வைத்தான்.

மூக்கின் மேடு தணிந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோவாய் தணிந்தது. மார்பு தணிந்தது. துணி தட்டையாகியது. வெளியே கால்கள் மட்டும் அப்படியே இருந்தன.

குழி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சாண் தள்ளி, வெறும் சீட்டின் மேல், இன்னொரு இடத்தில் துணி குழிந்தது. புடைத்தது. அதற்கப்பால் ஒன்று. முன் சீட்டருகே ஒன்று. கதவோரம், சிறியதாக ஒன்று.

"தாமிர்?"

எல்லாக் குழிகளும் ஒரு கணம் நின்றன.

பிறகு ஒன்றாக உள்ளே இழுத்தன. கத்தியைப் பிடித்தபடி ஹாதிஃப் மண்டியிட்டிருந்தான். எது தாமிரின் வாய் என்று அவனுக்குத் தெரியவில்லை.