எர்லிந்தா வாசலின் மஞ்சள் முளை

அன்று மதியம் மரிகினா மேட்டுக் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, மேசையின் தலைப்பக்கம் தலைவர் கிரிசாந்தோ. அவருக்கு இடப்பக்கம் அவர் மனைவி பேபாங். சுவரோரம், சிமெண்டு மூட்டையின் மேல் கொத்தனார் தோமெங். அவன் காலடியில் கால் கட்டிய சேவல் ஒன்று. ஜன்னலை ஒட்டி, எழுதுவதற்குத் தோதான வெளிச்சத்தில், செயலாளர் எர்லிந்தா. ஐந்தாவது நாற்காலி வாசலருகே காலியாகக் கிடந்தது. அது எர்லிந்தாவின் எதிர்வீட்டுப் பூரிங்குக்கு உரியது. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எர்லிந்தாவின் முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. மேசை மட்டமாகத்தான் இருந்தது. டம்ளரைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். தண்ணீர் மறுபடியும் அதே பக்கம், அவள் வீடு இருக்கும் பக்கம், ஏறியது.

போன வாரம் நில அளவைக்காரர்கள் வந்து, பூமிக்கடியில் ஓடும் பிளவு இந்தச் சந்துக்குக் குறுக்கேதான் போகிறது என்று சொல்லி, கடக்கும் இடத்தில் மஞ்சள் பூசிய இரும்பு முளை ஒன்றை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். முளை நின்றது எர்லிந்தாவின் வாசலில். கோடு அவள் சமையலறையைக் கடந்து, பின்னால் கிரிசாந்தோவின் தோட்டத்துக்குள் போனது. கோட்டின் மேல் இருக்கும் வீட்டை விற்க முடியாது, காலி செய்துவிட்டுப் போகவேண்டியதுதான். கணவன் செத்த பிறகு, மகன் ஜெத்தாவில் தனியாகக் கிடந்து அவளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு அது. இப்போது அளவைக்காரர்களின் படம் மழையில் ஊறிப்போய்விட்டதாம். முளை எந்த வாசலில் நிற்கிறது என்று சங்கம் எழுதித் தரவேண்டுமாம்.

"பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டா முடிஞ்சுது," என்றாள் பேபாங். "கோடு என்ன, நம்ம பேரைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு?"

"பூரிங் புருஷன் கப்பல்ல கெடக்கான்," என்றார் கிரிசாந்தோ. "அவ யாருகிட்ட போய்க் கேப்பா? வாழையிலையில சூமான் பலகாரம் சுத்தி விக்கத் தெரியும், அவ்வளவுதான்."

தோமெங் சேவலைத் தடவிக்கொண்டே சொன்னான்: "தலைவரே, புதுக் குழின்னா ரத்தம் விடணும். தூண் நடும்போது விடுறோம்ல, அது மாதிரி. வெறுங்குழி விட்டா அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

"இந்தச் சேவலப் பாத்தா கொழம்புக்கு வந்த மாதிரில்ல இருக்கு," என்றாள் பேபாங்.

"ரத்தம் மண்ணுக்கு. கறி எனக்கு."

எர்லிந்தா பேனாவை மூடினாள். "எங்க வாசல்ல இருக்கிற பழைய குழி?"

"அது மேல ஒரு பூந்தொட்டியத் தூக்கி வைங்கக்கா. அதுக்குத் தனியா எவன் சேவல் குடுப்பான்?" என்றான் தோமெங்.

பூரிங் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சேவல் துடித்து அடங்கியது. ரத்தத்தை மண் உறிஞ்சிய சத்தம், யாரோ அவசரமாகத் தண்ணீர் குடிப்பது போல, எர்லிந்தாவின் காதில் விழுந்தது. தோமெங் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவன் மண்வெட்டியைக் கழுவாமலே போய்விட்டான்.

பூரிங் கூடையோடு வந்து, தன் வாசலில் நின்ற முளையின் முன் நின்றாள். "என்னக்கா, இது உங்க வாசல்லல்ல இருந்துச்சு?"

"அளந்தவங்க திரும்பி வந்து மாத்திட்டுப் போனாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பூரிங் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "நீங்க பாத்தீங்கன்னா சரிதான்." கூடையிலிருந்து வாழையிலையில் சுற்றிய சூமான் இரண்டை எடுத்து நீட்டினாள். "சூடு ஆறல. ஒட்டரிசி இன்னிக்கு நல்லா வெந்திருக்கு."

சாயங்காலம் மின்சாரம் போயிற்று. எர்லிந்தா மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனபோது, அரிசிப் பானைக்கு மேலே தொடங்கி ஜன்னல் வரைக்கும் சுவரில் ஓடிய வெடிப்பை, மூன்று மழைக்காலமாக அவள் செய்தித்தாள் திணித்துத் திணித்து அடைத்துவந்த வெடிப்பை, தேடிப் பார்த்தாள். காணவில்லை. கசங்கிய தாள்கள் எல்லாம் தரையில் கிடந்தன, உமிழ்ந்தது போல ஈரமாக. சுவர் வழவழவென்று இருந்தது. தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீடு பிழைத்துவிட்டது என்று.

அப்போது எதிர்வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான மூடியை அதன் பாத்திரத்தின் மேல் மெதுவாகப் பொருத்துவது போல. அதற்குப் பிறகு, ஆவிச் சட்டியின் சீறல் மட்டும். நெடுநேரம். பூரிங் ஒருபோதும் சட்டியை இப்படிச் சீறவிடுகிறவள் இல்லை.

எர்லிந்தா சந்தின் எதிர்ப்பக்கம் போனாள். கதவு திறந்திருந்தது. இருட்டில் வெந்த தேங்காயின் வாசனை, அதற்கடியில் புது மண்ணின் வாசனை. அடுப்பு எரிந்தது. மேசையில் பாதி சுற்றிய வாழையிலை. நாற்காலி நிமிர்ந்து நின்றது. தரையில் ஒரு விரிசலும் இல்லை.

ஒரு துணி இருந்தது.

அடுப்படியில், சிமெண்டுத் தரையின் நடுவில், பூப்போட்ட பச்சைத் துணி. பூரிங் வீட்டில் உடுத்தும் அங்கியின் ஓரம். கையளவு. தரையில் கிடக்கவில்லை. தரைக்குள்ளிருந்து வந்திருந்தது.

எர்லிந்தா குனிந்து இழுத்தாள்.

கீழிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

அவள் விட்டுவிட்டாள். அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு வந்து, கை கழுவி, மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்துவைத்து எழுதினாள். தேதி. ஐயா அவர்களுக்கு. முளை எதிர்வரிசை வீட்டு வாசலில் நிற்கிறது. மேற்படி வீட்டில் யாரும் குடியில்லை. கையெழுத்துப் போட்டாள். உறையை ஒட்டப் பசை இல்லாததால், பூரிங் கொடுத்த சூமானில் ஒரு விள்ளல் கிள்ளி, நசுக்கித் தேய்த்து ஒட்டினாள். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கடிதத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். தூரத்தில் கிரிசாந்தோவின் மோட்டார் சைக்கிள் மேடேறும் சத்தம். காலடியில் இன்னொரு சத்தம்.

பூந்தொட்டி அசைந்தது.

அவள் அதைச் சாய்த்துப் பார்த்தாள். குழிக்குள்ளிருந்து ஒரு கை, மணிக்கட்டு வரை. நகக்கண்களில் காய்ந்த ஒட்டரிசி. விரல்கள் மண்ணைத் தடவின, விளிம்பைத் தேடின, அவள் கட்டைவிரலைத் தொட்டுப் பற்றின. இன்னும் சூடு ஆறவில்லை.

வண்டி விளக்கின் வெளிச்சம் சந்துக்குள் திரும்பியது. எர்லிந்தா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். தொட்டியை நேராக வைத்தாள். அதன் மண்ணின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டாள்.

"ரெடியா அக்கா?" கிரிசாந்தோ வண்டியின் எஞ்சினை அணைக்கவில்லை. "ராத்திரி தங்கச்சி வீட்ல தங்கிட்டு, காலைல ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளா குடுத்துடறேன். பூரிங் ஏதாவது கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கல."

"பூச்செடிய இப்படி மிதிக்கிறீங்களே."

"வேர் பிடிக்கணும்ல, தலைவரே."

அவர் சிரித்தார். உறையை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது.

தொட்டி மெல்ல உயர்ந்தது.

அவள் இன்னொரு காலையும் எடுத்து அதன் மேல் வைத்தாள்.