மூலையில் மட்டும் தெளிவு

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மழையில் ஊறிய சட்டை, தோளில் கருவிப் பை, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய சின்னத் தழும்பு... அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். கணினித் திரையில் அந்தத் தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்து எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறாள்!

"மேடம்... வாடகைக் கட்டில திருப்பி எடுத்துக்கச் சொல்லி போன் பண்ணியிருந்தீங்க."

"உங்க கம்பெனியில வேற ஆளே இல்லையா?"

அவன் விழித்தான். நெற்றியில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தான்.

"இருக்காங்க. ஆனா அவங்களும் நனைஞ்சுதாங்க வருவாங்க."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். விலகி வழிவிட்டாள்.

உள்ளறையில் வெறும் கட்டில். மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவன் கேட்கவந்ததை விழுங்கிக்கொண்டான். பெரிய, ஈரமான கண்கள்... மழை ஈரமா, வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்போங்க?"

"போன மாசம்."

"கட்டில மாட்ட வந்த அன்னிக்கு என்னை 'கட்டில் தம்பி'ன்னு கூப்பிட்டாங்க..."

அன்றைக்கு! அந்தச் சொல்லில் அவளுக்குள் ஏதோ உடைந்தது. கணினியைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. இது, இது, இதோ இதுவும்... எங்கம்மா எங்க? நீங்க மட்டும் மூலையில பளிச்சுன்னு! சட்டை நூல் பிரிஞ்சது கூடத் தெரியுது. அங்கேயே எதுக்கு உட்கார்ந்திருந்தீங்க?"

கேமரா என்றாலே கையால் முகத்தை மூடிக்கொள்ளும் அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மட்டும்தான் சம்மதித்தாள். வாடகைக் கட்டிலில் மகாராணி போல உட்கார்ந்துகொண்டு, "எடுத்துத் தொலைடி" என்றாள். அலுவலகத் தோழியிடம் கேமராவை இரவல் வாங்கி, எடுத்துத் தள்ளினாள் மகள். சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்க்க நேர்ந்தபோது அம்மா இல்லை.

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அண்ணன் கேட்டான். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஃபோகஸ் புள்ளியை யாரோ இடது மூலைக்கு நகர்த்தி அப்படியே விட்டிருக்கிறார்கள், கேமரா மூலையில் இருப்பவரைத்தான் பார்த்திருக்கிறது என்றார். ஷட்டர் வேகமும் போதவில்லையாம். அம்மாவின் நடுங்கும் கைகள் வெறும் புகையாகிவிட்டன. "வெளிச்சம் குறைஞ்சிருந்தா ஏத்திக் குடுத்திருவேம்மா... இத ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுக்கிறதுக்கு முன்னாடி நான்தான் பார்த்திருக்கணும், தெரியும்" என்றாள் அவனிடம். "ஆனா எத்தனை நாளைக்கு என்னையே திட்டிக்கிறது? உங்களையும் கொஞ்சம் திட்டிக்கிறேன்."

"திட்டுங்க" என்றான்.

பிறகு மண்டியிட்டுக் கட்டிலின் பக்கக் கம்பியைக் கழற்றத் தொடங்கினான். அதே மூலை. அதே மண்டி. திருப்புளி நாலு சுற்றுச் சுற்றியது. கம்பி கையோடு வந்துவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"கழட்டறது சுலபங்க."

"மாட்டறது?"

அவன் தலையைத் தூக்கவில்லை. காது மடல்கள் சிவந்தன.

"மாட்டறதும்... இவ்வளவுதாங்க."

அவள் படங்களைப் பார்த்தாள். ஜன்னலில் வெயில் அடிக்கும் படத்திலும் அவன் இருந்தான். விளக்குப் போட்ட படத்திலும் இருந்தான். ஒரே கம்பி... ஒரே ஸ்க்ரூ...

"முறுக்குவேன், கழட்டுவேன், மறுபடி முறுக்குவேன்..." தரையிடம் சொல்வதுபோலச் சொன்னான். "'இங்க பாரும்மா, இங்க பாரும்மா'ன்னு நீங்க குதிச்சு குதிச்சு எடுத்தீங்க. சிரிச்சிட்டே இருந்தீங்க. எனக்கு எழுந்து போகவே மனசு வரலங்க. உங்கம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. 'ஏன் தம்பி, அந்த ஸ்க்ரூ உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?'ன்னு மெதுவா கேட்டாங்க."

கேமராவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது கேட்கவே இல்லையே!

மறுபடி படத்தைப் பார்த்தாள். மங்கலான அம்மாவின் முகம் கேமரா பக்கம் இல்லை. மூலைப்பக்கம் திரும்பியிருந்தது. நடுவே ஒரு வெள்ளைக் கீற்று... பல். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் இல்லை. இனி வரவும் வராது.

கட்டில் வண்டியேறியது. தரையில் அதன் கால்கள் பதிந்த நாலு தடங்கள் மிஞ்சின. அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"வரேங்க... திட்டணும்னு தோணினா கூப்பிடுங்க."

"இருங்க."

நின்றான்.

"கண்ணை மூடினா எங்கம்மா முகம் வரமாட்டேங்குது" என்றாள். "உங்க முகம்தான் வருது. வெறுத்து வெறுத்துதான் பார்த்தேன்... ஆனா மனசுல அதுதான் நின்னுடுச்சு. என்ன கொடுமை பாருங்க." "இப்போ நீங்களும் போயிட்டா எனக்கு எந்த முகமும் இல்லை."

வெளியே மழை வலுத்தது. அவன் பையைக் கீழே வைத்தான். கட்டில் இருந்த இடத்தில், அதே மூலையில் மெல்ல உட்கார்ந்தான்.

"எனக்குத் தெளிவா ஞாபகம் இருக்குங்க... அவங்க சிரிக்கறப்போ முதல்ல கண்ணுதான் சுருங்கும். அப்புறம்தான் உதடு..."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க..."