டேனியலின் பதினாறு மணி நேரம்

ஒரே ஒரு வரிதான் ஒத்துப்போகவில்லை.

கம்பெனியில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருடைய டைம்ஷீட்டும் பச்சையாகிவிட்டது, ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, செவிலிமேட்டு வீட்டின் முன்னறையில், ஷாரோன் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து சனிக்கிழமைகளாக அது அங்கேதான் இருக்கிறது.

யார் எந்தப் பிராஜெக்டில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதைக் கம்பெனி சர்வர் இரண்டு டேட்டாபேஸ்களில் வைத்திருக்கும். ஆட்கள் டைம்ஷீட்டில் எழுதுவது ஒன்றில் போய் விழும். யார் பணியில் இருக்கிறார்கள், வேலை எதுவரை வந்திருக்கிறது என்பது இன்னொன்றில் இருக்கும். வெள்ளி மாலை டைம்ஷீட் மூடியதும், மறுநாள் இரண்டையும் ஒன்றுபோல் ஆக்குவது, அதாவது சிங்க் செய்வது, ஷாரோனின் பொறுப்பு. இரண்டும் முரண்பட்டால் எது உண்மை என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

சிவப்பு வரி அவள் புருஷன் டேனியலுடையது. அதே கம்பெனிதான். டைம்ஷீட் எழுதுவதில் அவனை மிஞ்சிய சோம்பேறி கிடையாது. அவர்கள் டீமில் ஒரு பழக்கம் உண்டு. யார் கை சும்மா இருக்கிறதோ அவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்து, வரப்போகிற நாளுக்கும்கூட, எட்டு மணி நேரம் என்று நிரப்பிவிடுவார்கள். தப்புதான், ஆனால் எல்லோரும் செய்கிற தப்பு. ஐந்து வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஷாரோன் அவனுக்காக வியாழன் எட்டு, வெள்ளி எட்டு என்று போட்டு அனுப்பினாள். சுங்குவார்சத்திரம் அருகே அவன் பைக் லாரிக்கு அடியில் போனது ஒன்பது மணிக்கு.

அந்தப் பதினாறு மணி நேரத்தை அவளால் அழிக்க முடியவில்லை. ஒரு டேட்டாபேஸில் அவன் வியாழக்கிழமையோடு இல்லாமல் போயிருந்தான். இன்னொன்றில் வெள்ளி மாலை வரை உட்கார்ந்து வேலை பார்த்திருந்தான். அவன் உயிரோடு இருந்த இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதையும் தன் கையால் அழிப்பதா?

போன் அடித்தது. மேனேஜர் பிரேம்நாத்.

“ஷாரோன், கஷ்டமாதாம்மா இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா திங்கக்கிழமை கிளையன்ட் பாக்கறாங்க. டேனியலோட அந்த லைனை மட்டும் டெலிட் பண்ணிட்டு சிங்க் ஓட வுட்டுடு. இல்ல, நானே பண்ணட்டுமா?”

“வேணாம் சார். நானே பண்றேன்.”

உள்ளே சமையலறைத் தரையில் மாமியார் செல்லியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மகனைப் புதைத்த நாளிலிருந்து அப்படித்தான். ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள், பேச்சே கிடையாது.

திரை கேட்டது, எதை உண்மையாக வைத்துக்கொள்வது? டைம்ஷீட்டையா, பணியாளர் விவரத்தையா? ஷாரோன் இரண்டாவதன் மேல் விரலைக் கொண்டுபோனாள். உடனே பின்னுக்கு இழுத்தாள். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, டைம்ஷீட்டே உண்மை என்று அழுத்தினாள்.

சிங்க் ஓடியது. காலையிலிருந்து பக்கத்து வீட்டில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாலாற்றுப் பக்கமிருந்து ஜன்னல் வழியே வந்த வெயில் காற்றில் முதலில் லேசாகவும் பிறகு தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மாதிரியும் பெட்ரோல் வாசனையும் சூடான தார் வாசனையும் கலந்து வந்தது, அதற்கும் அடியில் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவள் ஒரே ஒரு தடவை முகர்ந்த இன்னொரு வாசனையும் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் காற்று அவள் மேல் படவில்லை. சிவப்பு வரி பச்சையானது.

மூடியிருந்த உள்ளறையில் யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அது டேனியல் வேலை பார்த்த அறை. அவன் லேப்டாப்பை இரண்டு வாரம் முன்பே ஷாரோன் பஸ் ஏறிப் போய் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் திரையைப் பார்த்தாள். டேனியல் பெயருக்குக் கீழே புதிய வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளிக்குப் பிறகு சனி, இருபத்து நான்கு மணி நேரம். ஞாயிறு, இருபத்து நான்கு. திங்கள், இருபத்து நான்கு. ஐந்து வாரமும் அப்படியே. ஒரு மணி நேரம்கூட அவன் ஓய்வெடுத்திருக்கவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் முதல் வாரம் முழுக்க, வேலை நடக்கிறது, வேலை நடக்கிறது என்றே இருந்தது. பிறகு அது மாறியது.

கை வலிக்கிறது.

கண் தெரியவில்லை.

ஷாரோன், நிறுத்து.

அவள் அந்த வரிகளை அழிக்கப் போனாள். அழியவில்லை. இந்த டைம்ஷீட்டில் டேனியல் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், வேறு யாரும் திருத்த முடியாது என்று செய்தி வந்தது.

பிரேம்நாத்துக்குப் போன் போட்டாள்.

“சார், டேனியல் வரியை... நான் தப்பாப் பண்ணிட்டேன் சார். நீங்க டெலிட் பண்ணிடுங்க.”

“டேனியலா? ஏம்மா டெலிட் பண்ணணும்? இப்பதானே மெயில் போட்டான். சனிக்கிழமையும் வேல பாத்துக்கினு இருக்கான், கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா.”

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மாலை போட்ட டேனியல் படம் இருந்த இடத்தில் ஆணிகூட இல்லை.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். செல்லியம்மாள் எழுந்திருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கையில் காப்பி டம்ளர்.

“அத்தே, போவாதீங்க. அந்த ரூமுக்குப் போவாதீங்க!”

“ஏம்மா கத்திக்கினு கீற? புள்ள காலையிலேந்து ஒண்ணுமே குடிக்கல.”

கதவு திறந்தது.

வாசனை.

நாற்காலி. முதுகு. ஷாரோன் எடுத்துத் தந்த நீலச் சட்டை, அவனைப் புதைத்தபோது போட்டுவிட்டது. மேஜை மேல் எதுவும் இல்லை. வெறும் பலகையில் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. நகம் இல்லை. நுனியில் சதை இல்லை. எலும்பு, மரத்தில் பட்ட சத்தம்.

அவன் திரும்பினான். பாதி முகம்தான் திரும்பியது. மீதியை லாரி கொண்டுபோயிருந்தது.

“ஷாரோன்... வெள்ளிக்கிழமை இன்னும் ஆவலையா?”

அவள் வாசலிலேயே மடிந்து உட்கார்ந்தாள். மன்னிச்சுடு, மன்னிச்சுடு என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அவன் விரல்கள் நிற்கவில்லை.

செல்லியம்மாள் மகன் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு அவன் வாயில் டம்ளரை வைத்தாள். காப்பி தொண்டைக்குப் போகாமல் கிழிந்த தாடை வழியாகச் சட்டையில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“மெதுவாக் குடிப்பா,” என்று மறுபடி டம்ளரைச் சாய்த்தாள்.