பத்தாவது படி

மாலை நாலு மணிதான். ஆனாலும் மழை மூட்டத்தில், விளக்கு போட்ட பிறகும் அலுவலகம் மங்கலாகவே கிடந்தது. அவன் தன் வீட்டு மாடி அறைக்கான வேலை அட்டவணையைக் கணினியில் திறந்தபோது, கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

மகளுக்காகக் கட்டும் அறை. 'சிட்டு அறை' என்று கோப்புக்கு அவனே தலைப்பு வைத்திருந்தான். அவன் போட்டது பதினோரு வரி. சுவர், கூரை, பூச்சு, கைப்பிடி, கதவு என்று இறங்கி 'குடிபுகுதல்' என்பதில் முடியும். அதற்குக் கீழே இப்போது பெயரே இல்லாமல் ஒரு மைல்கல், ஒரு கட்டம் முடிந்ததைக் காட்டும் வரி. கறுப்பு வைரக் குறி. இன்றைய தேதி. முன்னேற்றம் பூஜ்யம்.

கட்டட நிறுவனத்தில் அவனுக்கு வேலையே இந்த மென்பொருளில் மைல்கற்களைக் கண்காணிப்பதுதான். கிழித்தான்! தளத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். மேலாளர் முறைத்தால் போதும், முடியாத வேலைக்கும் நூறு சதவீதம் போட்டுவிடுவான். வரி பச்சையாகிவிடும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அலுவலகத்தில் அவனுக்கு 'நூறு' என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை மனைவி, "எட்டு மாசமா அந்த ரூம் மொட்டையா நிக்குது, ஒரு கதவுகூட இல்ல" என்று பிடித்துக்கொண்டபோதும் அதைத்தான் செய்தான். மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, பதினோரு வரிக்கும் மடமடவென்று நூறு தட்டினான்.

"பாரு, குடியே போயாச்சு."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று அவள் தலையணையை விட்டெறிந்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது நடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. பன்னிரண்டாவது வரியை அழிக்கப் பார்த்தான். அழியவில்லை. அப்போது கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்களைத் திட்டினதெல்லாம் வாபஸ்!"

"என்ன திடீர்னு?"

"மாடியைத்தான் சொல்றேன். காலையிலேர்ந்து என்னமோ தட்டுற சத்தம். இப்ப துணி எடுக்க வெளிய வந்து நிமிர்ந்து பார்த்தா, படிக்குக் கைப்பிடி போட்டாச்சு, பூச்சு முடிஞ்சாச்சு, கதவும் மாட்டியாச்சு. ஆளுங்க எப்ப வந்தாங்க, எப்ப போனாங்கன்னே தெரியல. சொல்லாமயே அனுப்பிட்டீங்களே, சரியான ஆளு நீங்க!"

"நான் யாரையும் அனுப்பல."

"விளையாடாதீங்க. ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருக்கு. வாடைதான் ஒரு மாதிரி வருது, ரொம்ப நாள் மூடி வச்ச கிணத்தைத் திறந்த மாதிரி."

திரை என்று அட்டவணையில் எந்த வரியும் இல்லை. அது கட்டுகிறவர்கள் செய்யும் வேலையில்லை, குடியிருக்கிறவர்கள் செய்யும் வேலை. அவன் கண் தானாகப் பதினோராவது வரிக்குப் போனது. குடிபுகுதல், நூறு சதவீதம், முடிந்தது.

"சிட்டு எங்க?"

"பாப்பாவா? இப்பதான் இங்க விளையாடிட்டு இருந்தா. புது ரூமாச்சே, மேல ஓடியிருப்பா."

"போய்க் கூட்டிட்டு வா! ஓடு!"

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

"கேள்வி கேக்காத, போ!"

கைப்பேசியைத் துவைக்கிற கல்லில் வைத்த 'டக்' சத்தம். செருப்புச் சத்தம் விலகிப் போனது. அப்புறம் மழைத் தூறல் மட்டும் கேட்டது.

கணினித் திரையில் பன்னிரண்டாவது வரி, பத்து என்றது.

மைல்கல்லுக்குக் கால அளவு கிடையாது. பூஜ்யம், இல்லையென்றால் நூறு. நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. அவனே புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறான்.

இருபது.

மாடிக்குப் பத்துப் படி, படிக்குப் பத்து. ஐந்து வயது மகள் எண்ணக் கற்றதே அந்தப் படிகளில்தான். ஐயோ, அவள் ஏறுகிறாள். பயம் என்றால் அப்படியொரு பயம். குடிபுகுதலில் பூஜ்யம் தட்டினான். நூறு என்று மாறிக்கொண்டது. மறுபடி பூஜ்யம். மறுபடி நூறு.

ஐம்பது. அறுபது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

எண்பது.

தொண்ணூறு.

நின்றது. நின்றேவிட்டது. மனைவி எட்டிப் பிடித்துவிட்டாள் என்று அவனுக்கு அழுகையே வந்தது.

கைப்பேசியில் மூச்சுச் சத்தம்.

"அப்பா!"

"சிட்டு! அம்மா பிடிச்சுட்டாங்களா?"

"இல்லையே." கிசுகிசுவென்று சிரித்தாள். "நான் படிக்கு அடியில ஒளிஞ்சிட்டிருந்தேன். அம்மா என்னைத் தேடி மேல போயிட்டாங்க."

நூறு.

கைப்பேசிக்குள், மேலே எங்கோ, நிதானமாக, ஒரு கதவு சாத்திக்கொண்டது. பெயரில்லாத வரியில் பெயர் விழுந்தது: மனைவி. வரி பச்சையானது.

குடிபுகுதலுக்கு நூறு போட்டது அவன். கத்தி அவளை மேலே அனுப்பியதும் அவனே.

அதற்குக் கீழே பதின்மூன்றாவது வரி திறந்தது. இதில் பெயர் முதலிலேயே இருந்தது. சிட்டு. பூஜ்யம்.

"சிட்டும்மா, அங்க நிக்காத. வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்கு ஓடு!"

"அம்மா கூப்பிடுறாங்கப்பா."

அவனுக்கும் கேட்டது. மழைக்கு மேலே, மாடியிலிருந்து. மனைவியின் குரலேதான்.

"சிட்டு, மேல வா."

அவள் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். சிட்டு என்று ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. அது அவன் வைத்த பெயர். கோப்பின் தலைப்பில் அவன் தட்டிய பெயர்.

"போகாதடா! அது அம்மா இல்ல! சிட்டு!"

'டக்'. கல்லில் கைப்பேசி.

பிறகு தள்ளிப்போய், சந்தோஷமாக, அந்தச் சின்னக் குரல்:

"ஒண்ணு."

திரையில் பத்து.

"ரெண்டு."